டெல்லியில் ஒதுக்கிய பணம் சேர்க்காட்டுக்கு வந்து சேரும் வழி

ராணிப்பேட்டையில் இருந்த குரோமேட் தொழிற்சாலையை 1990களில் மூடினார்கள். அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல். வாணியம்பாடி, ஆம்பூர் என்று பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் தொழில் வேறு. தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக நடத்துகிறார்கள். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பு வந்தது. இத்தனைக்குப் பிறகும் எந்தக் கிராமத்துக் கிணற்றில் எவ்வளவு குரோமியம் இருக்கிறது, மழைக்கு முன்பும் பின்பும் அது எப்படி மாறுகிறது என்பதை வருடக்கணக்கில் விடாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது. அதைச் செய்யப் பொருத்தமானவை பக்கத்திலேயே இருக்கும் அரசுக் கல்லூரிகளும், வேலூரை அடுத்த சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகமும்தான். அவற்றால் ஏன் சுலபமாகச் செய்ய முடிவதில்லை என்பதற்குப் பாதிப் பதில், ஆராய்ச்சிப் பணம் எப்படி நகர்கிறது என்பதில் இருக்கிறது.

இந்த வட்டாரத்து அரசுக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தும் ஒரு பேராசிரியை இந்த வேலையை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. ஆபத்தான ஆறிணைதிறன் குரோமியத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் செலவு குறைவு. தண்ணீரில் அமிலம் சேர்த்து, டைபீனைல்கார்பசைடு கரைசலை விட்டால் ஊதா நிறம் வரும். 540 நானோமீட்டர் ஒளியை அந்த நிறம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும். பி.எஸ்சி. ஆய்வகத்திலேயே இதைச் செய்யலாம். மொத்தக் குரோமியத்தை மிக நுண்ணிய அளவில் நம்பகமாக அளக்கத்தான் அணு உறிஞ்சல் நிறமாலைமானி மாதிரி ஒரு கருவி வேண்டும். அதன் விலை பல லட்சம். வாங்கிவிட்டால் முடிந்ததா என்றால் இல்லை. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி விளக்கு தேவை, அந்த விளக்குக்கு ஆயுள் உண்டு. சுடருக்கு அசிட்டிலீன் சிலிண்டர் தீரத்தீர வர வேண்டும். கரைசலை உறிஞ்சும் நுண்குழாய் அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடவில்லை என்றால், பழுது பார்க்க வரும் ஒவ்வொரு முறையும் கம்பெனிக்காரர்கள் தனியாகப் பில் போடுவார்கள்.

அதாவது அவருக்கு இரண்டு வகைப் பணம் தேவை. ஒருமுறை வரும் பெரிய தொகை ஒன்று, வருடா வருடம் தவறாமல் வரும் சின்னத் தொகை ஒன்று. நம் நாட்டில் முதல் வகைக்காவது வழி இருக்கிறது. இரண்டாவது வகைதான் மெல்ல மெல்லக் காணாமல் போகிறது. உயர்கல்வி நிதி பற்றி வரும் செய்திகளில் நான் முதலில் கவனிப்பதும் இதைத்தான்.

இரண்டாவது வகைப் பணம் ஒழுங்காக வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் பழைய வட ஆற்காட்டிலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அந்த நிறுவனத்துக்கு மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆண்டுதோறும் நிலையான நிதி தருகிறது. சம்பளம், மின்சாரம், கண்ணாடிப் பராமரிப்பு எல்லாம் அதற்குள் வந்துவிடும். 1977இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் வளையங்களுக்கான தடயத்தைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. அன்றிரவுக்கென்று யாரும் தனியாக ப்ராஜெக்ட் எழுதிப் போட்டுப் பணம் வாங்கிக் கருவியைத் தயார்செய்ய வேண்டியிருந்திருந்தால் அது நடந்திருக்காது. கருவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, இயக்க ஆட்களும் இருந்தார்கள்.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கப்பட்டது. இப்படி ஏராளமான கல்லூரிகளை இணைத்துக்கொண்டு நடக்கும் பல்கலைக்கழகங்களுக்குத் தேர்வுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும் முக்கியமான வருமானம். விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கல்லூரிகள் பிரிந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தபோது, அவை கட்டிவந்த கட்டணமும் கூடவே போய்விட்டது. மாநில அரசு தரும் மானியம் பெரும்பாலும் சம்பளத்துக்கே சரியாகிவிடும். ஆக, ஆராய்ச்சி என்றாலே டெல்லிக்கு ப்ரொபோசல் எழுத வேண்டும்.

டெல்லியில் எவ்வளவு இருக்கிறது? 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனா இரண்டு சதவீதத்தைத் தாண்டி வெகுநாளாகிறது. அந்த 0.64க்குள்ளும் உயர்கல்வித் துறையின் பங்கு 8.8 சதவீதம்தான். மத்திய அரசின் சொந்த ஆய்வு அமைப்புகளும் தனியார் தொழில்துறையும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு பக்கம், நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் 81 சதவீதம் பேர் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளிலும் படிப்பதாக நிதி ஆயோக் 2025 பிப்ரவரியில் சொன்னது. ஏரி நிறைந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை நம் விவசாயிகளுக்குத் தெரியும். இங்கே ஏரியே பாதிதான் நிறைந்திருக்கிறது, கடைமடையிலோ முக்கால்வாசி நிலம்.

சரி, ப்ரொபோசல் போட்டால் என்ன நடக்கிறது? அழைப்பு வந்ததும் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். துறை வல்லுநர்கள் மதிப்பிடுவார்கள், குழு கூடி முடிவெடுக்கும். விண்ணப்பிப்பவர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான திட்டங்களின் நிபந்தனை. அரசுக் கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் 25,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் முனைவர் பட்டம் முடித்த திறமைசாலிகள் பலர் இந்த ஒரு வரியிலேயே வெளியே நின்றுவிடுகிறார்கள். இது எனக்கு மிகப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அனுமதி ஆணை வந்தால், தொகை தலைப்பு தலைப்பாகப் பிரிந்து வரும்: கருவி, ஆள், வேதிப்பொருள், பயணம், சில்லறைச் செலவு, அப்புறம் நிறுவனத்தின் பொதுச் செலவுக்கான ஓவர்ஹெட். ஒரு தலைப்பின் பணத்தை இன்னொன்றுக்கு இஷ்டப்படி மாற்ற முடியாது. முதல் தவணையைச் செலவழித்து, ஆடிட்டர் கையெழுத்துடன் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை. ஆய்வகங்களில் எல்லோரும் யு.சி. என்று சொல்லும் அந்த ஒரு பக்கத் தாள் தாமதமானால் எல்லாம் நிற்கும். ப்ராஜெக்டில் வேலை பார்க்கும் ஆய்வு மாணவரின் உதவித்தொகையும் நிற்கும். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்று உயர்ந்தது உண்மை. காகிதத்தில் உயர்ந்த தொகை நான்கு மாதம் கழித்து மொத்தமாக வந்தால், காட்பாடியில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைக்கு அதனால் பாதிப் பயன்தான்.

சில ஆண்டுகளாக இன்னொரு மாற்றம். முன்பெல்லாம் தவணைத் தொகை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். இப்போது பல திட்டங்களில் பணம் அரசுக் கருவூலத்திலேயே இருக்கும், பில் வரும்போது மட்டும் அங்கிருந்து நேராகப் போகும். மார்ச் 31க்குள் எடுக்காத பணம் திரும்பிவிடும். அரசுப் பணம் பல கணக்குகளில் தூங்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆய்வு நிதியாண்டைப் பார்த்து நடப்பதில்லை. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை முடிய டிசம்பர் ஆகிறது. மழைக்குப் பிந்தைய கிணற்று மாதிரிகளை ஜனவரியில் எடுத்து, பிப்ரவரி மார்ச்சில் அளக்க வேண்டும். கணக்கை முடிக்கச் சொல்லி அலுவலகம் நெருக்குவதும் அதே நேரத்தில்தான். தொகை அக்டோபரில் வந்து, டெண்டர் விட்டு, கருவி வந்து இறங்குவதற்குள் அந்த ஆண்டின் மழை போயே போய்விடும்.

விலையும் சும்மா இருக்கவில்லை. அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த சலுகை ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 18 சதவீதமானது. 20 லட்ச ரூபாய்க் கருவிக்கு வரி ஒரு லட்சத்திலிருந்து 3 லட்சத்து 60 ஆயிரமாகிறது. ஒரு அரசுக் கல்லூரிக்கு அந்த வித்தியாசம் பல ஆண்டு வேதிப்பொருள் செலவு. கொள்முதல் விதிகளில் மட்டும் 2025 ஜூனில் நல்ல தளர்வு வந்தது. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. அரசின் கொள்முதல் இணையதளமான ஜெம் போர்ட்டலுக்கு வெளியே கருவி வாங்கும் அதிகாரம் துணைவேந்தர்களுக்கும் இயக்குநர்களுக்கும் கிடைத்தது. மத்திய நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது டெண்டர் கோப்போடு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

பணத்தின் போக்கு எந்தப் பக்கம் என்பதுதான் என் முக்கியக் கவலை. பல்கலைக்கழக மானியக் குழு ஒரு காலத்தில் சிறு ஆய்வுத் திட்டம் என்று ஒன்றை வைத்திருந்தது. சில லட்ச ரூபாய், எளிய விண்ணப்பம். கலைக் கல்லூரி ஆசிரியர்கள் நிறையப் பேருக்கு ஆராய்ச்சியில் முதல் படி அதுதான். பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததோடு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. 2022இல் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு 10 லட்சம் என்று புதுத் திட்டம் வந்தது, ஆனால் நாடு முழுவதற்கும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேருக்கே இடம். மறுபக்கம், உயர்கல்விக்கான மத்திய அரசின் பிஎம்-உஷா திட்டம் தேர்ந்தெடுத்த 35 பல்கலைக்கழகங்களுக்குத் தலா 100 கோடி தருகிறது. 2023 சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐந்து ஆண்டில் 50,000 கோடி என்ற இலக்கோடு அதுவரை ஆய்வு நிதி கொடுத்துவந்த பழைய செர்ப் வாரியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அந்த 50,000 கோடியில் சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது கணக்கு. 2025இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஒரு லட்சம் கோடி ஆராய்ச்சி நிதியோ, தனியார் தொழில்துறைக்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடனாகவும் முதலீடாகவும் போகிறது. நிறையப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் என்பது சிலருக்கு நிறைய என்றாகிவிட்டது. மானியமாக இருந்ததும் கடன் பக்கம் சாய்கிறது.

பெரிய தொகையால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஆய்வாளர் ககன்தீப் காங் குழு பல ஆண்டுகள் வேலூர்க் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தொடர்ந்து கவனித்தது. அதனால்தான் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனேயோடு வேலூரிலும் நடந்தது. மூன்று ஊரிலும் சேர்த்து 6,799 குழந்தைகள். 2016 முதல் அந்த மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் களப்பணியாளர்களைக் காப்பாற்றி வைத்திருக்க ஒரு பெரிய மருத்துவமனையின் முதுகெலும்பு இருந்தது. அரசுக் கல்லூரிக்கு அது இல்லை. ப்ராஜெக்ட் முடியும் நாளில் கருவியை இயக்கத் தெரிந்த மாணவரும் போய்விடுவார். பிறகு கருவிக்கு உறை போட்டு மூடுவதுதான் பாக்கி.

அனுசந்தான் அறக்கட்டளையின் ‘பேர்’ (PAIR) என்ற திட்டம் இதற்கு ஒரு பதில் சொல்லப் பார்க்கிறது. தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனம் மையமாக இருக்கும், மாநிலப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் அதோடு கிளைகளாக இணையும். இதை நான் வரவேற்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. கிளையாகச் சேரும் கல்லூரி கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மையத்தின் கருவியில் நமக்கு மாதம் எத்தனை மணி நேரம் என்பது ஒன்று. மாதிரியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் இடமா, கேள்வியை வகுக்கும் இடமா என்பது இன்னொன்று. கருவி இயக்குநர் ஒருவருக்கு ப்ராஜெக்ட் காலத்துக்கு அப்பாலும் யார் சம்பளம் தருவார்கள் என்பதுதான் மூன்றிலும் கடினமானது. இந்தக் கடைசிக் கேள்விக்கு டெல்லி பதில் சொல்லும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மாநில அரசு ஒரு பல்கலைக்கழகத்துக்கு இரண்டு நிரந்தரத் தொழில்நுட்பப் பணியிடமும், கருவிப் பராமரிப்புக்கென்று தனித் தலைப்பில் ஆண்டுக்குச் சில லட்சமும் ஒதுக்கினால் போதும். பட்ஜெட் புத்தகத்தில் தேடினாலும் கண்ணில் படாத அளவுக்குச் சின்னத் தொகை அது.