பிள்ளைக்கு ‘மூளை மேப்பிங்’ எடுக்கப் போகிறீர்களா?

தலையில் ஒயர் மாட்டி, கம்ப்யூட்டரில் வண்ணப் படம் காட்டி, “இங்கே சிவப்பு அதிகம், உங்கள் பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வரும்” என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்.

அந்த ஒயர்கள் ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதியும் முறை. வலிப்பை அறிய நரம்பியல் மருத்துவர்கள் நம்பும் நல்ல பரிசோதனை. தலையிலும் காதிலுமாக வழக்கமாக 21 மின்முனைகள் ஒட்டப்படும். அவை பிடிப்பது சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோவோல்ட். இவ்வளவு மெல்லிய அலையில் எதுவும் கலந்துவிடும். கண் சிமிட்டினால் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் அலை நெற்றிப் பக்கம் விழும். மென்பொருள் அதை மூளையின் மெதுவான அலையான டெல்டாவாக எண்ணிக்கொள்ளும். பல்லைக் கடித்தால் தசையின் மின்சாரம் மூளையின் வேகமான அலையான பீட்டாவாகத் தெரியும். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்முனை சரியாகப் பதியாமல் மின்தடை 5 கிலோ ஓம் என்ற வரம்பைத் தாண்டும். அந்த மின்முனை சுற்றியுள்ள மோட்டார், ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை துடிக்கும் கரன்ட்) இரைச்சலை இழுக்கும். சோமனூர், பல்லடம் போலத் தறி ஓடும் ஊர்களில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். 30 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைக் ‘காமா’ என்று கூட்டும் மென்பொருளில் அந்தக் கரன்ட்டே சிவப்பாக ஒளிரும். கூர்மையான புத்தி என்று அதையே படித்துக் காட்டிவிடலாம். பெற்றோர் இப்படி ஏமாறுவது வேதனை.

பதிவு சுத்தமாக இருந்தாலும், மண்டைக்கு மேலே தெரியும் ஒரே அலையை உள்ளே வெவ்வேறு இடங்கள் உண்டாக்க முடியும். எந்த இடம் என்று சொல்ல, மூளையைக் கணக்காக எழுதிய கணினி மாதிரி (மாடல்) சில ஊகங்களை வைத்துத்தான் ஆக வேண்டும்.

இத்தகைய மாதிரிகள் பொய்யல்ல. ஊசிக்கணவாய் என்ற கடல் உயிரின் ஒற்றை நரம்பிழையில் மின்துடிப்பு ஓடும் விதத்தை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் 1952-இல் சமன்பாடுகளாக எழுதினார்கள். இன்றும் அவை பயன்படுகின்றன. ஆனால் 302 நரம்பணுக்களே உள்ள ஒரு சிறு புழுவின் இணைப்பு வரைபடம் 1986-இலேயே வந்தும், அதன் நடத்தை முழுவதையும் கணினியில் கொண்டுவர இன்னும் முடியவில்லை. மனித மூளையில் இருப்பவை ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அதன் ஒரு வண்ணப் படத்தை வைத்துப் பிள்ளைக்குக் கணக்கு வருமா என்று எப்படிச் சொல்ல முடியும்?

மருத்துவர் ஈஈஜிக்கு எழுதித் தந்திருந்தால் தயங்காமல் எடுங்கள். முந்தின ராத்திரி அரப்போ ஷாம்பூவோ போட்டு நன்றாக அலசி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்க. பதிவு 20 நிமிடமாவது ஓட வேண்டும். வண்ணப் படம் மட்டும் தந்தால் போதாது; அலைப் பதிவையும், அதைப் படித்த நரம்பியல் மருத்துவரின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் நார்மல் என்று வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு உள்ளவருக்கும் முதல் பதிவு நார்மலாக வருவது சகஜம்.