மலையில் கண்ணாடிப் பட்டறை: பிஎம்இஜிபி மானியம் எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் (பிஎம்இஜிபி), மூக்குக்கண்ணாடி லென்ஸைப் பிரேம் அளவுக்கு அரைக்கும் எட்ஜர் மெஷின் வாங்கப் பணம் தரும். லென்ஸ் வெட்டக் கற்றுத் தராது. திட்டத்தோடு வரும் தொழில்முனைவோர் பயிற்சி கணக்கு, சந்தை, வங்கி நடைமுறை பற்றியது. 5 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டமென்றால் அது 10 நாள். பட்டறை வேலையை அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

2025-26 வரையிலான காலத்துக்கு வகுத்த விதிகளில், சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பின் உச்சவரம்பு 20 லட்சம், உற்பத்திக்கு 50 லட்சம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வருமான வரம்பு கிடையாது. சேவைத் திட்டம் 5 லட்சத்தைத் தாண்டினால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டுமே.

மானியம் ஊரைப் பொறுத்து மாறும். பொதுப்பிரிவுக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு 25, 35. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளும் இந்தச் சிறப்புப் பிரிவில் அடங்கும். ஆகவே ஊட்டியிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: என் பிரிவு எது? கடை இருக்கும் இடம் ஊராட்சியா, நகராட்சியா? 5 லட்ச ரூபாய்த் திட்டத்தில் இந்த எல்லைக்கோடு மட்டும் 50,000 ரூபாய். குன்னூர் நகராட்சிக்குள் 1,25,000 வாங்கும் அதே பெண், ஊராட்சி எல்லைக்குள் வைத்தால் 1,75,000 வாங்குவார். கைக்காசு 25,000 போட வேண்டும். மிச்சம் 4,75,000 வங்கிக் கடன். மானியம் கையில் வராது. உங்கள் பெயரில் 3 ஆண்டு வைப்பாக வங்கியில் இருக்கும். அதற்கு வட்டி இல்லை, அந்த அளவுக்குக் கடன் மீதும் வட்டி இல்லை.

திட்ட அறிக்கையில் நிலத்தின் விலையைச் சேர்க்க முடியாது. பிரேம் சரக்கை மட்டும் காட்டினாலும் நிற்காது. மூலதனச் செலவு இருந்தாக வேண்டும். லென்ஸ் பவர் அளக்கும் லென்சோமீட்டர், எட்ஜர், பிரேம் ஹீட்டர், லென்ஸ் விளிம்பில் பள்ளம் வெட்டும் குரூவ் மெஷின், துளையிடும் கருவி, அவற்றோடு ஸ்டெபிலைசர் என்று விலைப்புள்ளியோடு எழுதுங்கள். ஏற்கெனவே ஓடும் கடைக்கு இது பொருந்தாது.

வேலை பழக தொழிற்பழகுநர் சட்டம், 1961 ஒரு வழி. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பழகுநரை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். இரண்டு பேர் உட்காரும் மலைக்கடை அதில் வராது. ஆகவே கோவையின் பெரிய லேப்களில் கேட்பதே நடக்கிற காரியம்.

அங்கே போனால் கணக்கைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். பிரேமின் உட்புறம் 52-18 (ஒரு கண்ணின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், மி.மீ.) என்றிருந்தால் இரண்டையும் கூட்டினால் 70. வாடிக்கையாளரின் கண்மணி இடைவெளி 62. வித்தியாசம் 8, பாதி 4. ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 4 மி.மீ. மூக்குப்பக்கம் தள்ள வேண்டும். பிரேம் கண்ணின் மிக நீண்ட குறுக்களவு 54 என்றால் அதோடு 8, வெட்டுக்கு 2, ஆக 64, 65 மி.மீ. லென்ஸ் போதும், 60 போதாது. இதைப் பார்க்காமல் லென்ஸ் எடுத்தால் காதோரம் இடைவெளி விழும். மைனஸ் 4 பவரில் மையம் 3 மி.மீ. தவறினால் 1.2 பிரிசம், அதாவது பிம்பம் அந்த அளவு விலகித் தெரியும். தலைவலி என்று திரும்பி வருபவர் பொய் சொல்லவில்லை.

அச்சு (சிலிண்டர் பவர் லென்ஸில் நிற்கும் கோணம்) தவறுவது வேறு காரணத்தால். கோட்டிங் லென்ஸின் மேற்பரப்பு வழுக்கும். லென்ஸை மெஷினில் பிடித்து வைக்கும் ஒட்டும் பேட் பிடிக்காமல், அரைக்கும்போது லென்ஸ் சுழலும். சிலிண்டர் 2 உள்ள லென்ஸ் 5 டிகிரி திரும்பினாலே 0.35 டயாப்டர் தவறு. வழுக்கா ஸ்டிக்கர் ஒட்டி, பேடை உலர்ந்த துணியால் துடைத்த லென்ஸில் அழுத்துங்கள். டிசம்பர் காலையில் குளிர்ந்து பனி படிந்த லென்ஸில் அது ஒட்டாது. லென்ஸ் அளவு கால் மி.மீ. கூடினாலும் மெட்டல் பிரேமில் திருகை முறுக்கித் திணிக்காதீர்கள், கோட்டிங் விரிசல் விடும். லென்ஸ் மாட்டிய பிறகு ஹீட்டரில் காட்டினாலும் அதேதான்.

தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒரே லென்ஸான பைஃபோகல் மலையில் தனி விஷயம். வழக்கமாகக் கீழ்க்கண்ணிமை விளிம்பில் வைக்கும், கிட்டப் பார்வைப் பகுதியின் மேல்கோட்டை, தேயிலைச் சரிவிலும் படிக்கட்டிலும் நாளெல்லாம் நடப்பவருக்கு ஒன்றிரண்டு மி.மீ. இறக்கி வைப்பது நல்லது. இல்லையென்றால் அடுத்த படி மங்கலாகத் தெரியும். உட்கார்ந்து தைப்பவருக்கு இறக்காதீர்கள். யாருக்கு என்று கேட்டபின்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

விண்ணப்பம் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசம். வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். தொழில் அலகை நேரில் பார்த்துச் சரிபார்த்த பிறகே மானியம் கடனில் கழியும். மெஷின் பில், ஜிஎஸ்டி ரசீது, வேலை ஆர்டர் புத்தகம் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.