சோல்: ஓர் இசைப் பெயரும் அரேத்தா ஃபிராங்க்ளினும்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகையான 'சோல் மியூசிக்' என்பதை 'ஆன்மிக இசை' என்று தமிழாக்கினால் படிப்பவருக்கு பஜனைதான் நினைவுக்கு வரும். சோல் பாட்டுகளில் பாதிக்கு மேல் காதலும் ஏக்கமும் கோபமும்தான். ஆனாலும் அந்தத் தமிழாக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இந்த இசை பிறந்த இடம் தேவாலயம்.

சொல்லைப் பொறுத்தவரை அது பழைய ஆங்கிலத்தின் 'ஸாவொல்'. ஜெர்மன் மொழியின் 'ஸேலெ' அதற்கு உறவு. கடலைக் குறிக்கும் சொல்லோடு இதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு, நிரூபணம் கிடையாது. நமக்கு வேண்டியது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வாயில் அந்தச் சொல் எடுத்த பொருள். பாட்டு நுட்பமாக இருந்தால் மட்டும் போதாது, பாடுபவரின் வாழ்க்கை அதில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அதில் 'சோல்' இருக்கிறது என்பார்கள். 1950களின் கடைசியில் ஜாஸ் கலைஞர்கள் இதை இசைத்தட்டுகளின் பெயரிலேயே போடத் தொடங்கினார்கள். அதற்குச் சற்று முன், 1954இல், பாடகர் ரே சார்ல்ஸ் ஒரு தேவாலயப் பாட்டின் மெட்டை எடுத்து, இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாடியிருந்தார். பக்தர்கள் முகம் சுளித்தார்கள். இசைத்தட்டு நன்றாக விற்றது.

வணிக உலகம் இதற்குப் பெயர் வைத்த கதை தனி. கறுப்பினத்தவருக்கென்று விற்ற இசைத்தட்டுகளை, 'பில்போர்டு' என்ற அமெரிக்க இசைத்தொழில் இதழ் 1949 வரை 'இனத் தட்டுகள்' என்ற பொருள்படும் பெயரில் பட்டியலிட்டது. அங்கே நிருபராக இருந்த ஜெரி வெக்ஸ்லர் அதற்கு மாற்றாக 'ரிதம் அண்டு ப்ளூஸ்' என்ற பெயரைக் கொடுத்தார். 1969இல் அதே பட்டியல் 'சோல்' ஆனது, 1982இல் 'பிளாக்' ஆனது. முதல் இரண்டும் வெளியிலிருந்து ஒட்டிய பெயர்கள். 'சோல்' மட்டும் அந்த மக்களே பேசிக்கொண்டிருந்த சொல், பத்திரிகை பிற்பாடு கடன் வாங்கியது.

இந்த வெக்ஸ்லர்தான் பிறகு அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தில் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளினின் தயாரிப்பாளர். 1942இல் மெம்ஃபிஸில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர் அரேத்தா. அப்பா சி.எல். ஃபிராங்க்ளின் பெயர்பெற்ற பாப்டிஸ்ட் போதகர். அவருடைய தேவாலயத்தில் பதின்வயதிலேயே பாடிப் பதிவுசெய்த பெண்ணை, 1960இல் கொலம்பியா நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. ஆறு வருடம் ஜாஸும் மேடைப் பாட்டுகளுமாகப் பாடவைத்தார்கள். மோசமென்று சொல்ல முடியாது, குரல் அருமை. ஆனால் யாரோ தைத்த உடுப்பில் நிற்பது போலத்தான் இருக்கும்.

1967 ஜனவரியில் வெக்ஸ்லர் அவரை அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப்போய்ப் பியானோ முன் உட்காரவைத்தார். கூட வாசித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பது வேடிக்கை. அன்றே தகராறு வந்து பதிவு பாதியில் நின்றது, மீதி வேலை நியூயார்க்கில் நடந்தது. அங்கே பதிவானதுதான் 'ரெஸ்பெக்ட்'. பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடியபோது, அது வேலை முடிந்து வீடு திரும்பும் கணவன் மரியாதை கேட்கும் பாட்டு. அரேத்தா அதைப் பெண்ணின் கோரிக்கையாகத் திருப்பிப் போட்டார். தலைப்புச் சொல்லை எழுத்துக்கூட்டிப் பாடும் இடமும் அவர் சேர்த்ததே. சகோதரிகள் எதிர்க்குரல் கொடுக்கிறார்கள், தேவாலயத்தில் போதகருக்குச் சபை பதில் சொல்வது போல. ஜூனில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த மாதம் டெட்ராய்ட்டில் கலவரம் வெடித்தபோது, தங்கள் கடைகள் தப்பவேண்டுமென்று கறுப்பின வணிகர்கள் கதவில் எழுதிவைத்தது 'சோல் பிரதர்', அதாவது கடைக்காரரும் கறுப்பினச் சகோதரரே என்று. அதற்குள் அந்தச் சொல் இசையைத் தாண்டிவிட்டது.

அப்புறம் கிராமி விருதுகள் பதினெட்டு, 1987இல் ராக் அண்டு ரோல் புகழ்மன்றத்தில் இடம் பெற்ற முதல் பெண் என்ற பெருமை. ஆனால் சோல் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் 1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒன்றில் அவர் பதிவுசெய்த 'அமேசிங் கிரேஸ்' இசைத்தொகுப்பைத்தான் கொடுப்பேன். புகழின் உச்சியில் இருந்தவர் காதல் பாட்டை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே போகிறார்; பாடும் முறையில் மாற்றமே இல்லை. 2018இல் டெட்ராய்ட்டில் காலமானார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆன்மா' வேதாந்த வாசனை அடிக்கிறது. தமிழ் விவிலியத்தின் 'ஆத்துமா' பொருத்தமான தேவாலயச் சொல்தான், ஆனால் காதல் பாட்டுக்கு ஒட்டாது. 'பாட்டில் உயிர் இருக்கு', 'உயிரைக் கொடுத்துப் பாடினார்' என்று நாம் சொல்வதுதான் அவர்கள் சொல்லும் சோல். ஆகவே 'உயிரிசை'. ஒரே உயிரெழுத்தை இழுத்து, பல சுரங்களுக்கு ஏற்றி இறக்குவது இந்தப் பாணியின் முக்கிய அடையாளம் என்பதால், பெயர் இன்னொரு வகையிலும் பொருந்திவிடுகிறது. அரேத்தாவின் 'குயின் ஆஃப் சோல்' பட்டத்தை 'உயிரிசை அரசி' என்று தயங்காமல் எழுதலாம். 'சோல் ஃபுட்' மட்டும் இதில் சிக்காது. 'உயிருணவு' என்றால் வேறு ஏதோ ஆகிவிடும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வீட்டுச் சமையல் என்று விரித்தே எழுதவேண்டும்.