பீரங்கியை இழுத்த குடல்

கொழும்பு 7இல் ரேஸ்கோர்ஸ் திடலைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு, அது ஒருகாலத்தில் போர் விமானத் தளமாக இருந்தது தெரியாது. குதிரைப் பந்தயம் நடந்த அந்தத் தரையை இரண்டாம் உலகப் போரின்போது ஓடுபாதையாக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது, பிரித்தானிய ஹரிகேன் போர் விமானங்கள் அங்கிருந்து எழும்பிப் போய் மோதின.

குதிரை ஓடிய இடத்தில் விமானம் ஓடியது என்றால், போரில் குதிரையின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். உண்மை வேறு. அதற்கு முந்திய ஆண்டு ஜூன் மாதம் சோவியத் நாட்டுக்குள் புகுந்த ஜேர்மன் படையோடு 6 இலட்சத்துக்கும் அதிகமான குதிரைகள் போயின. டாங்கிகள் முன்னே போக, பெரும்பாலான காலாட்படைப் பிரிவுகளின் பீரங்கிகளையும் சாமான் வண்டிகளையும் இழுத்தது குதிரைதான். லொறிகள் போதவில்லை. எரிபொருள் தட்டுப்பாடு. மழை பெய்தால் ரஷ்யப் பாதைகளில் சில்லுகள் புதைந்தன.

இயந்திரத் துப்பாக்கி வந்ததும் வாளோடு பாயும் குதிரைப்படைக்கு வேலை குறைந்தது. இழுக்கும் வேலை குறையவே இல்லை. அந்த வேலைக்கு எல்லை போட்டது எதிரியின் குண்டைவிடக் குதிரையின் குடல் என்பேன்.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கும் இரைப்பை 8 முதல் 15 லீற்றர்தான் கொள்ளும். மாட்டைப்போல வயிறு நிறைய மேய்ந்துவிட்டுப் படுத்து அசைபோட அதனால் முடியாது. புல்லின் நார்ப்பகுதி சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடல் பக்கம் வந்த பிறகுதான், அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து கொழுப்பமிலங்களாக மாற்றும். உடலுக்குச் சக்தி அதிலிருந்து வருகிறது. சும்மா விட்டால் குதிரை ஒரு நாளில் 15 மணித்தியாலம்கூட மேயும். பீரங்கி இழுக்கும் குதிரைக்கு அந்த நேரம் ஏது? அதனால் ஓட்ஸ் போன்ற தானியம் கொடுத்தார்கள். சரி, தானியத்தையே கூட்டிக் கொடுக்கலாமே என்றால் அதுவும் ஆகாது. மாச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போனால் அங்கே அமிலம் பெருகும். கடும் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் அழற்சி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் இயலாது. ஆகவே உலர்புல்லையும் கூடவே கொண்டுபோக வேண்டும். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 கிலோ தீனி. நிறுத்திவைத்த லொறி எரிபொருள் கேட்காது. குதிரை நின்றாலும் தின்னும்.

முதல் உலகப் போரில் பிரித்தானியா பிரான்ஸுக்குக் கப்பலேற்றிய தீனி ஏறத்தாழ 54 இலட்சம் தொன். வெடிபொருள்கூட அதைவிடக் கொஞ்சம் குறைவு, 52 இலட்சம் தொன் அளவில்.

தீனியும் ஓய்வும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாபிரிக்காவில் டச்சு வழிவந்த போயர் குடியேறிகளோடு பிரித்தானியா நடத்திய போயர் போரே சாட்சி. 1900இல் இங்கிருந்தும் சிலோன் மவுண்டட் இன்ஃபன்ட்ரி என்ற படைப்பிரிவு அங்கே போனது. அந்தப் போரில் பிரித்தானியத் தரப்பில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன. பெரும்பாலானவை குண்டுபட்டுச் சாகவில்லை. வாரக்கணக்காகக் கப்பலில் நின்று வந்த விலங்குகளை இளைப்பாற விடாமல், அரை வயிற்றோடு போர்முனைக்கு ஓட்டினார்கள். இதை வெறும் எண்ணிக்கையாக என்னால் படிக்க முடியவில்லை.

அப்புறம் மூக்கு. 1915இல் நச்சுவாயு போர்க்களத்துக்கு வந்தபோது குதிரைக்கும் முகமூடி தேவைப்பட்டது. குதிரை வாயால் மூச்சு விடாது. அதன் நீண்ட மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் மென்மையான பின்பகுதி, வாய்க்கும் மூச்சுக்குழலுக்கும் இடையிலான வழியை அடைத்து நிற்கிறது. ஆகவே மருந்தில் நனைத்த துணிப்பையால் நாசிகளை மூடினாலே போதுமாயிருந்தது. சில குதிரைகள் அதைத் தீனிப்பை என்று எண்ணிக் கடித்துக் கிழித்தன. இன்னொரு சிக்கலும் இருந்தது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று காலோடு மூச்சு பிணைந்திருக்கிறது. நாசியில் காற்று குறைந்தால் வாயைத் திறந்து ஈடுசெய்ய முடியாது, வேகம் குறையத்தான் வேண்டும். பிறகு வந்த கடுகு வாயு தோலையே எரித்தது. அதற்கு இந்தப் பை எந்தக் காப்பும் தரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் குதிரையைவிடக் கோவேறு கழுதை அதிகம் உதவியது. மட்டமான தீனியிலும் அது தாக்குப்பிடிக்கும். சத்தம் கேட்டு எதிரி வந்துவிடுவான் என்று பல கோவேறு கழுதைகளின் குரல்நாண்களை அறுத்தே கொண்டுபோனார்கள்.

2001 ஒக்டோபரில் ஆப்கானிஸ்தானின் வடக்கு மலைகளில் இறங்கிய அமெரிக்கச் சிறப்புப் படையினர், உள்ளூர்ப் போராளிகளோடு குதிரையேறிப் போனார்கள். லேசர் கருவியால் இலக்கைக் குறித்துக் கொடுக்க, மிக உயரத்தில் பறந்த விமானங்கள் குண்டு போட்டன. வாகனம் போக முடியாத அந்தச் சரிவுகளுக்கு விமானத்திலிருந்து போடப்பட்ட பொருட்களில் குதிரைத் தீனியும் இருந்தது.