கபாசிட்டி பர்ச்சேஸ்: கொள்ளளவுக் கொள்முதல்

அமெரிக்க உள்நாட்டு விமான டிக்கெட்டை நிதானமாகப் படித்தால், 'யுனைடெட் எக்ஸ்பிரஸ்' என்ற பெயருக்குக் கீழே, விமானத்தை இயக்குவது ஸ்கைவெஸ்ட் என்றோ ரிபப்ளிக் என்றோ சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். வாலில் தீட்டிய வண்ணம் யுனைடெட்டுடையது. விமானிக்குச் சம்பளம் தருவது வேறு நிறுவனம். இந்த இரு தரப்பையும் பிணைக்கும் ஆவணத்துக்குப் பெயர் 'கபாசிட்டி பர்ச்சேஸ் அக்ரிமெண்ட்'.

யுனைடெட் போன்ற பெரிய நிறுவனம் வழித்தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் தீர்மானிக்கிறது, டிக்கெட்டையும் அதுவே விற்கிறது. ஸ்கைவெஸ்ட் போன்ற வட்டார நிறுவனம் விமானி, பணிக்குழு, பராமரிப்பு எல்லாவற்றோடும் விமானத்தைப் பறக்கவிடுகிறது. இருக்கைகள் காலியாகப் போனாலும் அதற்குரிய பணம் வந்துவிடும். புறப்பாட்டுக்கு இவ்வளவு, 'பிளாக்' மணிக்கு இவ்வளவு, விமானத்துக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கு. எரிபொருள் செலவு பெரும்பாலும் பெரிய நிறுவனத்தின் தலையில்தான். பிளாக் என்பது சக்கரத்துக்கு அடை கொடுக்கும் கட்டை. கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும்வரை ஓடுவதே அந்த நேரம். 'கட்டை நேரம்' என்றே தமிழில் சொல்லலாம், பொருள் பிசகாது.

'கபாசிட்டி'யின் வேர் லத்தீனின் 'கபேரே': பிடி, எடு, கொள். 'பர்ச்சேஸ்' பழைய பிரெஞ்சு வழி வந்தது. துரத்திச் சென்று அடைவது என்பதே அதன் முதல் பொருள். நம் செய்திகளில் இதைத் 'திறன் கொள்முதல்' என்று எழுதிவிடுகிறார்கள். இது எனக்கு உறுத்துகிறது. இங்கே விலைபோவது யாருடைய திறமையும் அல்ல. ஆள் கொள்ளும் இடம். தமிழில் 'கொள்' என்ற ஒரே வினை இரண்டு வேலையும் செய்கிறது: பாத்திரம் நீர் கொள்ளும், வணிகர் சரக்குக் கொள்வார். கொள்ளளவும் கொள்முதலும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்தில் உறவு வெளியே தெரியாத இரு சொற்கள் தமிழில் கண்ணுக்குத் தெரியும் உடன்பிறப்புகளாகிவிடுகின்றன. எனவே 'கொள்ளளவுக் கொள்முதல் ஒப்பந்தம்' என்பதே என் பரிந்துரை.

இந்த ஒப்பந்தத்துக்கான போட்டி கடுமையானது. பெரிய நிறுவனங்களின் விமானிகள் சங்கங்கள் 'ஸ்கோப்' விதி என்ற ஒன்றைத் தங்கள் பணி ஒப்பந்தத்தில் வைத்திருக்கின்றன. வட்டார விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் கூடாது என்பது அதன் பரவலான உச்சவரம்பு. ஆக எல்லோரிடமும் இருப்பது ஏறத்தாழ ஒரே வகை விமானம். போட்டியிட மிஞ்சுவது விலையும் நேரந்தவறாமையும்தான். விலை என்றால் பெரும்பகுதி சம்பளம். பணியாளர்கள் அனுபவம் சேர்த்துப் படியேறும்போது செலவு கூடுகிறது. புதியவர்களை வைத்திருக்கும் போட்டி நிறுவனம் குறைந்த விலை சொல்கிறது. பல ஆண்டு உழைப்பே ஒருவருக்கு எதிராகத் திரும்பும் இந்த ஏற்பாட்டை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்பிரஸ்ஜெட் என்ற வட்டார நிறுவனம் சான்று. யுனைடெட்டுக்காக எம்பிரேர் 145 விமானங்களை அதுவும் கம்யூட்ஏர் என்ற இன்னொரு வட்டார நிறுவனமும் இயக்கிவந்தன. 2020 ஜூலையில் அந்த வேலை முழுவதையும் கம்யூட்ஏரிடமே தர யுனைடெட் முடிவெடுத்தது. செப்டம்பர் இறுதியோடு எக்ஸ்பிரஸ்ஜெட் யுனைடெட்டுக்காகப் பறப்பது நின்றது.

இதைக் 'குத்தகை' என்று எழுதுவதும் தவறு. குத்தகைக்கு எடுத்தவர் தாமே உழுவார். இங்கே வாங்கியவர் டிக்கெட் விற்க, உழுவது மற்றவர். ஆனால் 'புரோ ரேட்' என்ற இன்னொரு வகை ஒப்பந்தத்துக்கு நிலத்திலிருந்தே பொருத்தமான சொல் கிடைக்கிறது. அதில் வட்டார நிறுவனம் டிக்கெட் வருவாயில் பங்கு பெறும், இருக்கை காலியானால் நட்டத்தையும் தானே சுமக்கும். விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த முறைக்கு உழவர் வைத்த பெயர் 'வாரம்'.