அட்டை இருந்தால் போதாது: வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதற்குச் சான்றிட்ட நகல் வாங்கும் வழி

வட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது: "அட்டைதான் இருக்கிறதே, சார்?" மஞ்சள் பைக்குள்ளிருந்து லேமினேஷன் உரிந்த வாக்காளர் அட்டை வெளியே வரும். அட்டை அசல். படமும் அவருடையதுதான். பட்டியலில் மட்டும் பெயர் இருக்காது. அதை அவரிடம் சொல்ல வேண்டிய வேலை ஒவ்வொரு முறையும் எனக்கு வந்து சேரும்.

நடப்பிலுள்ள பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆவது பிரிவு சொல்கிறது. அட்டை ஆளை அடையாளம் காட்டும்; அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. 2021 முதல் கிடைக்கும் மின்னணு அட்டைக்கும் இதே கதிதான். தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வரும் வாக்காளர் தகவல் சீட்டு வாக்குச்சாவடி எது என்று தெரிந்துகொள்ள உதவும். இணையதளத்தில் தேடி எடுக்கும் அச்சுப் பிரதியில் கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. சான்று என்று நீட்டக்கூடிய காகிதம் ஒன்றுதான்: வாக்காளர் பதிவு அலுவலர் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுக்கும் பட்டியல் பதிவின் சான்றிட்ட நகல்.

இதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1960ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளில் 33ஆவது விதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலையும் அது சார்ந்த தாள்களையும் பார்வையிடவும், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்திச் சான்றிட்ட நகல் பெறவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்பதற்கு அந்த விதியில் இடமே இல்லை. ஆனால் கவுண்டரில் முதல் கேள்வியே அதுதான்.

இந்தக் காகிதம் இல்லாமல் அதிகம் அடிபடுகிறவர்கள் தேர்தலில் நிற்கிறவர்கள். ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்துகொண்டு வேறு தொகுதியில் போட்டியிடுகிறவர், தன் சொந்தத் தொகுதிப் பட்டியலையோ, அதன் உரிய பாகத்தையோ (ஒரு வாக்குச்சாவடிக்கான பகுதி), தன் பதிவின் சான்றிட்ட நகலையோ வேட்புமனுவோடு கொடுக்க வேண்டும். தவறினால் பரிசீலனையின்போதாவது காட்ட வேண்டும். முன்பு சொன்ன 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33(5) பிரிவு இது. மனு தாக்கலுக்குக் கடைசி நாளுக்கு மறுநாளே பரிசீலனை. அன்று காலை உங்கள் ஊர்த் தேர்தல் பிரிவில் யார் நாற்காலியில் இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? எல்லோரும் தேர்தல் பணியில் இருப்பார்கள். மனு தள்ளுபடியாகும். டெபாசிட் கட்டிய பணத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். கையில் நகல் இருந்தால், நீங்கள் வாக்காளர் என்பதற்கு அதுவே முடிவான சான்று என்று 36(7) பிரிவு சொல்கிறது. சட்டப்படித் தகுதியிழந்தவர் என்று நிரூபித்தால் ஒழிய அதை யாரும் அசைக்க முடியாது. நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கும்போதே நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் நீக்கப்பட்டவர்களும் பழைய பட்டியலைத் தேடுகிறவர்களும். 2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் குறைந்திருந்தன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, வாடகை வீடு மாறியவர்களும் அதில் இருந்தார்கள். அப்போதுதான் பலர் முதல்முறையாகப் பட்டியல் என்ற ஒன்றைத் தேடினார்கள்.

இனி அலுவலகம். பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலரால் இந்த நகலைத் தர முடியாது. பெரும்பாலும் அவர் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார், அவரைத் திட்டிப் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலராலும் முடியாது. பல தொகுதிகளில் வருவாய்க் கோட்டாட்சியர் பதிவு அலுவலராகவும் வட்டாட்சியர் உதவிப் பதிவு அலுவலராகவும் இருப்பார்கள். சென்னையில் மாநகராட்சி அலுவலர்களிடம் போக வேண்டும். அலைச்சல் தொடங்குவது இங்கேதான். தாலுகா எல்லையும் தொகுதி எல்லையும் ஒன்றல்ல. ஒரே தாலுகாவின் கிராமங்கள் இரண்டு தொகுதிகளில் கிடக்கும். "உங்கள் ஊர் எங்கள் தொகுதியில் இல்லை" என்று இவர் அனுப்புவார்; "உங்கள் தாலுகா அதுதானே" என்று அவர் திருப்பி அனுப்புவார். ஒரு முதியவர் இப்படி மூன்று முறை பஸ் ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன் 1950 என்ற எண்ணை அழைத்து, உங்கள் பாகத்துக்குப் பதிவு அலுவலர் எந்த அலுவலகத்தில் இருக்கிறார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாய்மொழியாகக் கேட்காதீர்கள். கேட்டால் "ஆன்லைனில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் தயாராக இருக்கும். மனுவை இப்படி எழுதுங்கள்: பெறுநர், வாக்காளர் பதிவு அலுவலர், இன்ன சட்டமன்றத் தொகுதி. "1960ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகள், விதி 33இன்படி, மேற்படி தொகுதியின் நடப்புப் பட்டியலில் பாகம் எண் இன்னது, வரிசை எண் இன்னது, அடையாள அட்டை எண் இன்னது என்றுள்ள என் பதிவின் சான்றிட்ட நகலைத் துணைப் பட்டியலில் உள்ள மாற்றங்களோடு வழங்கக் கோருகிறேன். உரிய கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்." இவ்வளவு போதும். குடும்ப வரலாறும் மனவேதனையும் வேண்டாம். நீளமான மனுவை யாரும் படிப்பதில்லை.

பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் போன தேர்தல் சீட்டிலிருந்து எடுக்காதீர்கள். திருத்தத்துக்குப் பிறகு இரண்டும் மாறலாம். மாறாத எண் அட்டை எண்தான். அதை வைத்து இணையத்தில் தேடி இன்றைய எண்களை எடுங்கள். துணைப் பட்டியல் என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள்; பிறகு நடந்த சேர்த்தல், நீக்கல், திருத்தங்கள் அதில்தான் வரும். மூலப் பட்டியலில் இருக்கும் பெயர் துணைப் பட்டியலில் நீக்கப்பட்டிருக்கலாம். மூலப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "முத்திரை அலமாரியில் இருக்கிறது, நாளை வாருங்கள்" என்றால் திரும்பிப் போகாதீர்கள். நேரே தபால் நிலையம் போய் விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கட்டணம் கேட்டால் செலுத்துங்கள், ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத கட்டணத்துக்கு வேறு பெயர்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் வேலை நடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அங்கே மனுவுக்கு எண் கிடைக்கும். அதன் பிறகு அது அதே தேர்தல் பிரிவின் அதே மேஜைக்குத்தான் வரும். அதைவிடத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பயன்படும். அந்தச் சட்டமே தகவல் அறியும் உரிமை என்பதில் சான்றிட்ட நகல் பெறுவதையும் சேர்த்திருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. அவசரக்காரர்களுக்கு இது உதவாது. விதி 33 மனு தூங்குகிறது என்று தெரிந்ததும் இதையும் போட்டுவையுங்கள்.

பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் நகலிலும் அதே பிழை வரும். "நகலில் மட்டும் சரிசெய்து கொடுங்கள்" என்று கெஞ்சுவதில் பயனில்லை, அவர்களால் முடியாது. முதலில் படிவம் 8இல் திருத்தம், பிறகு நகல். திருமணமாகி வந்த பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: பிறந்த ஊரில் பெயரை நீக்கியிருப்பார்கள், புகுந்த ஊரில் சேர்த்திருக்க மாட்டார்கள். கணவர் வீட்டு ரேஷன் கார்டில் பெயர் இருப்பதை நம்பி இருந்துவிடுவார்கள். இரண்டு ஊர்ப் பட்டியலையும் பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். இரண்டிலும் பெயர் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஒருவர் ஓரிடத்தில்தான் பதிவு பெறலாம், ஒன்றை உடனே நீக்கச் சொல்லுங்கள்.

பெயரே இல்லையென்றால், "புதிதாகப் படிவம் 6 போடுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். போடுங்கள். அதோடு நிறுத்தாமல், நீக்கிய உத்தரவின் நகலையும் அதற்கு அடிப்படையான படிவம் 7 (பெயரை நீக்கக் கோரும் மனு) இருந்தால் அதன் நகலையும் எழுத்தில் கேளுங்கள். குடிபெயர்ந்துவிட்டார் என்று சொல்லி நீக்குவதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும். உத்தரவை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தோற்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். "பார்த்துச் சொல்கிறோம்" என்று கவுண்டரில் கழியும் வாரங்கள் இந்தக் கெடுவுக்குள் அடங்கும் என்பதை மறக்காதீர்கள்.

பழைய பட்டியல் தேடுகிறவர்களுக்குத் தொகுதிப் பெயரே பொறி. தமிழ்நாட்டுத் தொகுதிகள் 2008 மறுவரையறையில் மாறின. 2002இல் வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்ற தொகுதிகளே கிடையாது. அன்று இருந்த புரசைவாக்கம், பூங்கா நகர் இன்று இல்லை. போதாததற்கு 2019இல் தென்காசி, செங்கல்பட்டு போன்ற புதிய மாவட்டங்கள் வேறு. அன்றைய தொகுதி, அன்றைய தெருப் பெயர், அன்றைய குடும்பத் தலைவர் பெயர் மூன்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். தீவிரத் திருத்தத்தின்போது 2002, 2005 பட்டியல் விவரங்களைப் படிவத்தில் நிரப்பினால் போதுமாக இருந்தது. வாரிசு வழக்கு, சொத்து வழக்கு என்றால் முத்திரையிட்ட நகல் வேண்டும். "பழையதெல்லாம் அழித்துவிட்டோம்" என்றால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொகுதிப் பட்டியலிலும் ஒரு முழுப் பிரதியை நிரந்தரப் பதிவாக வைக்க விதி 32 சொல்கிறது. எழுதித் தர வேண்டும் என்றதும் பல அலமாரிகள் திறந்துகொள்வதைக் கண்டிருக்கிறேன். வயதுக்கு ஆதாரமாக மட்டும் இந்த நகலை நம்பாதீர்கள்; பட்டியலில் இருக்கும் வயது என்றோ ஒருநாள் யாரோ வாசலில் நின்று சொன்ன வயது.

நகல் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் படியுங்கள். "உண்மை நகல்" என்ற வாசகம் கீழே இருக்க வேண்டும். அதன் கீழே கையெழுத்து, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தேதி, அலுவலக முத்திரை. வெறும் சுருக்கொப்பம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலுவலர் மதிய உணவுக்குக் கிளம்புவதற்குள் பெயரையும் பதவியையும் எழுதி வாங்குங்கள்.