வெள்ளையாக இருந்தால் மட்டும் அது கூலன்ட் ஆகிவிடாது

போன வாரம் கோவை கணபதி பக்கம் ஒரு ஜாப் ஆர்டர் ஷாப்பில் சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் இயந்திரம்) பழுது என்று கூப்பிட்டிருந்தார்கள். மெஷினைத் திறப்பதற்கு முன்னாலேயே ஆப்பரேட்டர் தம்பியின் கை கண்ணில் பட்டுவிட்டது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மணிக்கட்டு வரை சிவந்து தடித்திருக்கிறது. கேட்டால் "உடம்பு சூடு சார், எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா சரியாயிடும்" என்கிறான். அது உடம்புச் சூடு இல்லை, கூலன்ட். இந்த மாதிரிக் கைகளை ஷாப் ஷாப்பாகப் பார்த்து மனசு விட்டுப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

இரும்பை வெட்டும்போது சூடு வரும், அந்தச் சூட்டை எடுக்கத்தான் கூலன்ட், இது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க எஞ்சினியர் ஃபிரடெரிக் டெய்லர் 1880களிலேயே வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சி, வெட்டு வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டிக் காட்டிவிட்டார். எண்ணெயைவிடத் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் வெறும் தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும், வழுக்கலும் கிடையாது. அதனால்தான் கரையும் எண்ணெயைத் தண்ணீரில் கலக்கிறோம். வெள்ளையாக ஓடுவது அந்தக் கலவை.

இங்கேதான் பிரச்சினையே. "வெள்ளையாத்தானே சார் இருக்கு, கூலன்ட் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லாத முதலாளி குறைவு. பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினாலும் வெள்ளையாகத்தான் இருக்கும், அதற்காகத்தான் சொசைட்டியில் லாக்டோமீட்டர் வைத்திருக்கிறார்கள். கூலன்ட்டும் அப்படித்தான். பொதுவான டர்னிங், மில்லிங் வேலைக்கு 5 முதல் 8 சதவீதம் எண்ணெய் இருக்க வேண்டும் என்றால், 1 சதவீதத்துக்கு இறங்கினாலும் அது வெள்ளையாகவே தெரியும். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முடியாது.

எப்படி இறங்குகிறது? டேங்கில் மட்டம் குறைந்தால் உடனே பைப்பைத் திறந்து தண்ணீர் விடுகிறீர்கள். ஆவியாகிப் போனது தண்ணீர்தான், அந்த அளவுக்குச் சரி. ஆனால் வெட்டி விழும் இரும்புச் சுருளோடும், ஜாபோடும் (வெட்டப்படும் பொருள்) ஒட்டிக்கொண்டு போனதில் எண்ணெயும் போயிருக்கிறதே, அதை யார் திருப்பிப் போடுவது? வாரக்கணக்கில் வெறும் தண்ணீரே ஊற்றினால் கலவை 2 சதவீதத்துக்கு வந்து நிற்கும். அப்புறம் மெஷின் பெட்டில் துரு, இன்சர்ட் (மாற்றிப் போடும் வெட்டு முனை) சீக்கிரம் போகிறது, டேங்கில் கிருமி. ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், ஒரு பெட்டி இன்சர்ட் வாங்கும் காசுகூட ஆகாது. ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரியும். அதில் காட்டும் அளவை அப்படியே சதவீதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் எண்ணெயின் தகவல் தாளில் ஒரு பெருக்கல் எண் இருக்கும், அதால் பெருக்க வேண்டும். டேங்கில் மட்டம் மட்டும் குறைந்திருந்தால் 2, 3 சதவீதக் கலவையாகக் கலக்கி ஊற்றுங்கள், சதவீதமே இறங்கியிருந்தால் அதைவிடக் கெட்டியாகக் கலக்கி ஊற்றுங்கள், வெறும் தண்ணீரும் வேண்டாம், வெறும் எண்ணெயும் வேண்டாம்.

கலக்கும்போது தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டிகட்டியாகத் திரிந்துவிடும். அந்தத் தண்ணீரும் போர்வெல் உப்புத் தண்ணீராக இருக்கக் கூடாது, உப்பு டேங்கிலேயே சேர்ந்துகொண்டே போகும், எண்ணெய் பிரிந்து மேலே ஆடை கட்டும். வீணாக்க வேண்டாமே என்று ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை டேங்கில் விடும் நல்ல மனசுக்காரர்களே, தயவுசெய்து வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கினால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதா? மெஷினின் நகரும் பாகங்களுக்கு விடும் ஸ்லைடுவே ஆயில் கசிந்து டேங்க் மேலே படலமாக மூடியிருக்கும். அடியில் காற்றுப் போகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா விடுகிற வாயுதான் அந்த நாற்றம். பினாயில் ஊற்றி அமுக்காதீர்கள். மேலே மிதக்கிற எண்ணெயை வழித்து எடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்ச நேரம் பம்ப் ஓடட்டும், காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாளை நனைத்துப் பாருங்கள். 8.5 முதல் 9.5 வரை இருந்தால் சரி. ஒரேயடியாக இறங்கியிருந்தால் டேங்கைக் காலி செய்து, அடியில் படிந்த சேறு முழுக்க எடுத்துக் கழுவிவிட்டுத்தான் புதுசு ஊற்ற வேண்டும். சேறு கிடந்தால் புதுக் கூலன்ட்டும் கெட்டுப்போகும். டேங்கில் துப்புவது, டீயின் மிச்சத்தைக் கொட்டுவது, இதெல்லாம் இன்றோடு நிற்கட்டும்.

இது மூச்சுக்கும் ஆபத்து. இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஒரு எஞ்சின் ஆலையில் 2003, 2004 வாக்கில் 80க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவும் நுரையீரல் அழற்சியும் வந்தன, அதைக் கெட்டுப்போன கூலன்ட் கிளப்பிய புகையோடு தொடர்புபடுத்தினார்கள். ஒரு ஜாபை மெஷின் வெட்டி முடித்த நொடியில் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டாதீர்கள், புகை அடங்கட்டும். ஏர் கன்னால் ஜாபை ஊதி முகமெல்லாம் தெறிக்க விடாதீர்கள்.

கைக்கு வருவோம். கூலன்ட் காரத்தன்மை உள்ளது, தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். கூடவே பொடிப் பிசிறு கண்ணுக்குத் தெரியாமல் கீறியிருக்கும். அதன் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கை கழுவினால் தோல் என்ன ஆகும்? தின்னரும் வேண்டாம். சாதாரண சோப்பு போதும். பிசிறு ஒட்டிய பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைப்பது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுதான், சுத்தமான துணி வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் ஆரம்பத்தில் கைக்குப் பாதுகாப்பு கிரீம், முடிந்ததும் தேங்காயெண்ணெயாவது தடவுங்கள். நனைந்த யூனிஃபார்மோடு நாள் முழுக்க நிற்காதீர்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாக: கை வெடிக்கிறதே என்று கிளவுஸ் மாட்டிக்கொண்டு, ஜாபைப் பிடித்தபடி சுற்றும் சக் பக்கம் போகாதீர்கள், இழுத்துவிடும். மெஷின் நின்ற பிறகு டேங்க் சுத்தம் செய்யும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் விடாதீர்கள், அது கடைசியில் நொய்யலுக்குத்தான் போகும். டிரம்மில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர்களிடம் கொடுங்கள்.

அப்புறம் தம்பிகளே, கை அரித்தால் மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். தோல் டாக்டரிடம் போங்கள், இ.எஸ்.ஐ. இருந்தால் அங்கேயே காட்டுங்கள். போகும்போது கூலன்ட் கேனின் லேபிளை போனில் படம் எடுத்துக்கொண்டு போய், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.